ஓதம் ஏறிய கேரவன்: 1,500 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் மருத்துவமனையில் வேலை. பிள்ளைகள் இருவர், ஒன்பது வயது, ஐந்து வயது. பள்ளி விடுமுறையில் எங்காவது போனால் தங்கும் செலவே விழி பிதுங்க வைக்கிறது. அதனால் பழைய கேரவன் ஒன்று வாங்கலாமென்று பார்க்கிறோம். 2003-இல் செய்தது, நாலு பேர் படுக்கலாம், தனியாள் ஒருவர் விற்கிறார். 1,500 பவுண்டு கேட்கிறார். "முன் மூலையில் கொஞ்சம் ஓதம் இருக்கிறது, ஒரு சனி ஞாயிறில் சரி பண்ணிவிடலாம்" என்று அவரே சொன்னார். நாங்கள் போனபோது உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல லாவெண்டர் வாசனை. ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டுபோய்ப் பார்த்தோம்: முன் இடது மூலையில் ஜன்னலுக்குக் கீழே 32, பின் வலது மூலையில் 18, மற்ற இடங்களில் 11 முதல் 14 வரை. கதவுக்குப் பக்கத்தில் தரை கொஞ்சம் அமுங்குகிறது. கேரவனின் தகட்டில் உச்ச எடை 1,300 கிலோ என்று இருக்கிறது. எங்கள் காரின் எடை 1,420 கிலோ. என் மாமனார் அம்பாசமுத்திரத்தில் மரப்பட்டறை வைத்திருந்தவர். கணவருக்கும் உளி பிடிக்கத் தெரியும், "நானே செய்துவிடுவேன்" என்கிறார். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. சின்னவனுக்கு வீசிங் உண்டு. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம், சகோதரி. வெறும் "வேண்டாம்" உங்கள் வீட்டில் எடுபடாது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் காரணத்தையும் சொல்கிறேன். அடுத்து வருவதை உங்கள் கணவரும் படிக்கட்டும்.

ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, 2003 வாக்கில் செய்த கேரவன் அந்த ரகமில்லை. வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குப் பின்னால் ஒல்லியான மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே தெர்மாகோல். உள்ளே மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் பூப்போட்ட வினைல் தாள். எல்லாம் சேர்ந்தே ஓர் அங்குலச் சொச்சம்தான் இருக்கும். உங்கள் மாமனார் அறுத்தது தேக்கும் வேங்கையுமாக இருந்திருக்கும். இது ஊசியிலை மரத்தில் அறுத்த மலிவான சட்டம். நனைந்து காய்ந்தால் ஒன்றும் ஆகாது. நனைந்து காயாமலே கிடந்தால் சில வருடங்களில் பிண்ணாக்கு மாதிரி கையில் உதிரும்.

மரத்தாலான கேரவனே உதவாது என்று சொல்லவில்லை. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் ஊர் சுற்றுவதற்காக பிரிஸ்டலில் செய்வித்த 'வாண்டரர்' என்ற குதிரை வண்டி இன்றும் இருக்கிறது. அது மகோகனி. கூரைக்கடியில் பேணி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது இருபது குளிர்காலம் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மழையில் நின்ற வண்டி.

இப்போது அந்த 32-க்கு வருவோம். மீட்டரின் இரண்டு முள்ளுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து மரத்தின் ஈரத்தைச் சதவீதமாகச் சொல்கிற கருவி அது. கேரவன் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் 15 வரை கவலைப்பட மாட்டோம். 15-க்கும் 20-க்கும் நடுவே இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி பார்ப்போம். 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 30-ஐத் தாண்டினால் உள்ளே மரம் கெட்டிருக்கும் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். 20 சதவீதத்துக்குக் கீழே அது படுத்துவிடும், முப்பதை ஒட்டிய ஈரத்தில் கொண்டாட்டம். 32 என்பது அதற்கு விருந்துச் சாப்பாடு.

அதுவும் ஹீட்டர் ஓடிய வண்டியில் 32! இது முக்கியம். உள்ளே சூடாக்கினால் பலகையின் மேற்பரப்பு முதலில் காயும், மீட்டர் குறைவாகக் காட்டும். அப்படியிருந்தும் மீட்டர் 32-க்குப் போயிருக்கிறது என்றால், வாரக்கணக்கில் மூடிக் கிடந்த குளிர்ந்த வண்டியில் எவ்வளவு காட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விற்பவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. விருந்தாளி வரும் வீட்டில் ஹீட்டர் போடுவது மரியாதைதான். ஆனால் லாவெண்டர் எதை மூடுவதற்கு? ஓதம் ஏறிய கேரவனுக்கென்று ஒரு மக்கல் வாடை உண்டு. மழைக்காலத்தில் பூட்டி வைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது. கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் நம்ப வேண்டும். மூக்குக்கு யாராவது திரை போட்டிருந்தால், படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிகளைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். லாவெண்டர் அங்கே எட்டாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது 32 அல்ல, பின் மூலையின் 18. முன்பக்க ஓதத்தை அவர் சொல்லித்தான் விற்கிறார். பின்பக்கத்தைச் சொல்லவில்லை. ஒருவேளை அவருக்கே தெரிந்திருக்காது. மற்ற இடமெல்லாம் 11, 14 என்று இருக்கும்போது ஒரு மூலை மட்டும் 18 என்றால், இரண்டாவது ஒழுகல் தொடங்கியிருக்கிறது என்றுதான் சந்தேகப்படுவேன். இந்த வண்டிகளில் பலகைகள் சேருமிடங்களில் மேலே ஓர் அலுமினியப் பட்டை வைத்து, நெடுக திருகாணி போட்டிருப்பார்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே மாஸ்டிக் என்கிற பிசின். பதினைந்து, இருபது வருடத்தில் அந்த மாஸ்டிக் காய்ந்த சாந்து மாதிரி வெடித்துவிடும். முன்பக்கம் வெடித்ததென்றால் பின்பக்கத்துக்கும் அதே வயது, அதே மாஸ்டிக். ஒரு மூலையைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற கணக்கு இங்கேதான் உதைக்கும்.

இன்னொன்று. தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, நமக்குத் தெரிகிற இடம் வேறு. ஜன்னலுக்குக் கீழே ஈரம் என்றதும் எல்லோரும் ஜன்னல் ரப்பரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சில சமயம் அது சரிதான். பல சமயம் கூரை மூலைப் பட்டையில் புகுந்த நீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அடியில் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். வண்டியைத் தள்ளி நிறுத்தப் பிடிக்கும் கைப்பிடியின் திருகாணி ஓட்டை, முன்பக்கத்துச் சின்ன விளக்கின் அடி ரப்பர், கூரைக் கண்ணாடியின் விளிம்பு என்று எதுவாகவும் இருக்கலாம். வெளியே நின்று அந்தப் பட்டையை உற்றுப் பாருங்கள். திருகாணிகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே துருப்பிடித்த திருகாணிகள் இருந்தால் தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அலுமினியத் தகட்டில் குண்டூசி குத்தினாற்போல் ஓட்டைகளும் அதைச் சுற்றி வெள்ளைப் பொடியும் தெரிந்தால், ஈர மரம் உள்பக்கமிருந்தே தகட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் மேற்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுங்கள். பட்டையின் ஓரமெல்லாம் புதிதாக வெள்ளை சிலிகான் இழுகியிருந்தாலும் எனக்கு அது நல்ல சகுனமில்லை. சிலிகான் பூசிய இடத்தில் அப்புறம் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். போதாததற்கு, உள்ளே இருக்கிற ஈரத்தையும் அது சிறை வைத்துவிடுகிறது.

"அது வெறும் மூச்சுக்காற்று வேர்த்தது" என்று விற்பவர் சொல்லக்கூடும். நாலு பேர் ஒரு கேரவனில் ராத்திரி தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஜன்னலில் முத்து முத்தாகப் படியும், அலமாரியின் பின்பக்கம் கரும்புள்ளி வைக்கும், துணியால் துடைத்தால் போகும். ஒரே ஒரு மூலையில் 32 காட்டாது. பெருவிரலால் அந்த மூலையை அழுத்திப் பாருங்கள். பலகை நமத்துப்போன அப்பளம் மாதிரி உள்ளே போனால் கேள்விக்கே இடமில்லை.

தரையைப் பற்றிப் பதற வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் அமுங்குவது பழைய கேரவன்களில் ரொம்பச் சாதாரணம். தரையும் சுவர் மாதிரியே மேலே பிளைவுட், நடுவே கெட்டியான தெர்மாகோல், கீழே பிளைவுட். ஏறி இறங்கி மிதித்து மிதித்து நடுவிலுள்ள பசை விட்டுப்போகும். நடக்கும்போது நொறுக்கென்று சத்தம் வரும். மேல்பலகையில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பாகமாகக் கலக்கும் ரெசினை ஊசியில் ஏற்றி, மேலே கனம் வைத்து ஒரு நாள் விட்டால் கல் மாதிரி ஆகிவிடும். உங்கள் கணவர் ஒரு பகலில் முடித்துவிடுவார். ஆனால் ஒரு நிபந்தனை: பலகை காய்ந்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, அதே இடத்தில் ஒரு குத்தூசியால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி இறங்காமல் நின்றால் பசைப் பிரச்சினை. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் தரை இற்றுவிட்டது. ரெசின் வேலைக்கு ஆகாது.

சரி, "ஒரு சனி ஞாயிறு" கதைக்கு வருகிறேன். இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் வண்டியை மழை படாத இடத்தில் நிறுத்த வேண்டும். இதுவே பாதிப் பேருக்குக் கிடையாது. பிறகு முன்பக்கத்து நாற்காலிப் பெட்டிகள், மேல் அலமாரி, திரைச்சீலைப் பெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஜன்னலைக் கழற்ற வேண்டும். அந்த அக்ரிலிக் ஜன்னல் பழசாகி விறைத்திருக்கும். கீறினாலோ உடைந்தாலோ இந்த வயது வண்டிக்கு மாற்று ஜன்னல் தேடி அலைய நேரிடும், கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். அப்புறம் உள்பலகையை வெட்டி எடுக்க வேண்டும். நல்ல மரம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், இங்கேதான் எல்லோருடைய திட்டமும் குலைகிறது. ஒரு முழம் என்று நினைத்தது இரண்டு முழமாகும், மூலையைத் திரும்பிப் பக்கச் சுவருக்குள் போகும், கீழே தரைச்சட்டத்தில் போய் நிற்கும். வெட்டிப் பார்க்காமல் இது எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாது. இருபது வருடமாக இதே வேலை செய்கிற என்னாலும் முடியாது.

வெட்டிய பிறகு காயவிட வேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, தினமும் மீட்டர் வைத்துப் பார்த்து, 15-க்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். அது சில நாளில் நடக்காது, வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு அனல் காட்டினால் பலகை முறுக்கிக்கொள்ளும். இதற்கிடையில் வெளியே அந்த அலுமினியப் பட்டையைக் கழற்றி, பழைய மாஸ்டிக்கை மரக்கரண்டி மாதிரி மழுங்கலான ஒன்றால் சுரண்டி, துடைத்து, பியூட்டைல் என்கிற ஒட்டும் ரப்பர் நாடாவைப் புதிதாக வைத்து, எவர்சில்வர் திருகாணி போட்டு மூட வேண்டும். முன்பக்கம் மட்டுமில்லை, நான் சொன்ன காரணத்துக்காகப் பின்பக்கமும் பக்கவாட்டும். கடைசியில்தான் புதுச் சட்டம், புதுத் தெர்மாகோல், புதுப் பலகை. வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்கிற ஒருவருக்கு இது ஒரு கோடைகாலம் முழுக்கப் பிடிக்கும். கைவேலை சுத்தமானவர் என்றாலும் அப்படித்தான். ஷிஃப்ட் வேலையில் இருப்பவருக்கு எத்தனை சனி ஞாயிறு கையில் கிடைக்கும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

பட்டறையில் கொடுத்தால்? முன்பக்கத்தை முழுசாகப் பிரித்துக் கட்டுவது என் அனுபவத்தில் முப்பது மணி நேர வேலை. மணிக்கு 60 பவுண்டு என்று குறைவாகவே வைத்தாலும் 1,800 ஆகிறது, சாமானுக்கு மேற்கொண்டு. வண்டி விலையைவிட வைத்தியச் செலவு அதிகம். நீங்களே செய்தால் சாமானுக்கு 300, 400 பவுண்டு. கூலி என்று எழுதாவிட்டாலும் அந்தக் கோடைக்கு ஒரு விலை உண்டு. காப்பீடு இதில் ஒரு பென்னி தராது. மெல்ல மெல்லக் கெடுவதை அவர்கள் விபத்தாகக் கருதுவதில்லை.

நானும் இப்படி மாட்டியவன்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் 600 பவுண்டுக்கு ஒரு கேரவன் வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர், டீ போட்டுக் கொடுத்தார். மூலையைத் தொட்டால் கொஞ்சம் இளகியிருந்தது, அவ்வளவுதான். உள்பலகையைப் பிரித்ததும் மரம் ஈரத் தேயிலைத்தூள் மாதிரி கொட்டியது. பின்பக்கம் முழுவதும் கட்டினேன். அடுத்த மழையில் முன்பக்கம் ஆரம்பித்தது. கடைசியில் அதைத் தொலைக்கவும் காசு கொடுத்தேன். இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை: இற்றுப்போன கேரவனைப் பழைய இரும்புக்காரர் ஆசையாக எடுத்துப்போக மாட்டார். அவருக்கு வேண்டியது கீழே இருக்கும் இரும்புச் சட்டகம் மட்டும். மேலே இருக்கிற பலகையும் தெர்மாகோலும் குப்பை. அந்தக் குப்பையை யாராவது பிரித்துப்போட வேண்டும், அதற்குக் கூலி. சும்மா தருகிறேன் என்று வருகிற கேரவனைப் பார்த்தால் இன்றும் நான் நாலடி தள்ளியே நிற்பேன்.

சின்னவன் விஷயத்தில் எனக்குப் பேரமே இல்லை. மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பூஞ்சை இருக்கிற காற்று வீசிங் உள்ள பிள்ளைக்கு ஆகாது. உள்பலகைக்குப் பின்னால் பூஞ்சை இருக்கும்போது மேலே பிளீச் போட்டுத் துடைப்பதில் பயனில்லை. நாளைக்கே வேறு நல்ல கேரவன் வாங்கினாலும், தரையிலும் கூரையிலும் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருகிறது என்று துணி வைத்து அடைத்துவிடாதீர்கள். கேஸ் அடுப்பு எரிகிற இடம், அவை உயிர்த்துளைகள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

எடையையும் பார்த்துவிடுவோம். 1,420 கிலோ காருக்கு 1,300 கிலோ கேரவன் என்றால் 91 சதவீதம் தாண்டுகிறது. முதல் முறை இழுப்பவர்கள் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் அறிவுரை. உங்கள் காருக்கு அது 1,207 கிலோ. சட்டமில்லை, அறிவுரைதான், ஆனால் மோட்டார்வேயில் லாரி ஒன்று கடந்துபோகும்போது பின்னால் வால் ஆடினால் அதன் அருமை தெரியும். காரின் புத்தகத்தில் இழுக்கும் எடைக்கு உச்ச வரம்பு போட்டிருக்கும், அதைத் தாண்டவே கூடாது. லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். முன்பெல்லாம் 1997 முதல் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் கனமான வண்டி இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கே சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 3,500 கிலோ வரை இழுக்கலாம். அந்தத் தேர்வு போய்விட்டதால்தான் பயிற்சி இன்னும் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. அரை நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

இங்கே காருக்கு இருப்பதுபோல் கேரவனுக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனை கிடையாது. அதாவது இருபது வருட வண்டியின் பிரேக்கையும் டயரையும் யாரும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்; 2213 என்றால் 2013-இன் இருபத்திரண்டாவது வாரம். வரி அழியாமல் புதுசு மாதிரி தெரிந்தாலும் ஏழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிரேக்கைக் கணவரே பிரித்துப் பார்க்கப் போகிறாரென்றால் ஒரு வார்த்தை: ஆல்கோ நிறுவனத்து அச்சாக இருந்தால் டிரம்மைப் பிடித்திருக்கும் நட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது, புதுசுதான் போட வேண்டும், அதையும் 290 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். வீட்டு ஸ்பேனருக்கு அது எட்டாது. கேஸ் பக்கமும் கை வைக்க வேண்டாம்.

உங்கள் கணவருக்கு இந்த வண்டி மேல் மனது விழுந்துவிட்டது என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. கைவேலை தெரிந்தவனுக்கு இற்ற மரத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், எனக்கே அப்படித்தான். அப்படியென்றால் அதை விடுமுறை வண்டியாக வாங்காதீர்கள். அவருக்கான வேலையாக, அடுத்த வருடம்தான் வெளியே எடுப்போம் என்று வாங்குங்கள். அதற்கு நான் 400 பவுண்டு கொடுப்பேன், 500 தாண்ட மாட்டேன். அதுவும் மூன்று விஷயம் ஒத்துவந்தால்: கூரையுள்ள இடம் இருக்க வேண்டும், அடித்தரை குத்தூசிக்கு நிற்க வேண்டும், உங்கள் வீட்டுப் பத்திரத்தில் வாசலில் கேரவன் நிறுத்தக்கூடாது என்று எழுதியிருக்கக் கூடாது. கடைசியைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், புதுக் குடியிருப்புகள் பலவற்றில் அந்த விதி உண்டு. தனியாக நிறுத்துமிடம் எடுத்தால் அதற்கு வருடா வருடம் வாடகை, அங்கே பெரும்பாலும் பிரித்து வேலை செய்யவும் விடமாட்டார்கள்.

அது இல்லையென்றால், என் யோசனை வேறு. உள்ளே பார்க்க அசிங்கமாக இருக்கிற, காய்ந்த கேரவனைத் தேடுங்கள். மெத்தை உறை கிழிந்து, திரைச்சீலை சாயம் போய், அலமாரிக் கதவு ஒன்று தொங்கிக்கொண்டு, ஆனால் மீட்டர் எந்த மூலையிலும் 15-ஐத் தாண்டாத வண்டி. பளபளவென்று இருக்கிற ஓத வண்டியை வாங்குகிறவர்கள் நிறைய, இதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் விலை இறங்கும். அலமாரிக் கதவை மாட்டுவது, மெத்தை உறை தைப்பது எல்லாம் உங்கள் கணவர் உண்மையிலேயே ஒரு சனி ஞாயிறில் செய்யக்கூடியவை. கையில் இருக்கும் 1,500-உடன் அவர் எப்படியும் செலவழிக்கப்போகிற சாமான் காசையும் சேர்த்துக்கொண்டால் தேடுகிற வட்டம் பெரிதாகிறது. வருடா வருடம் சர்வீஸ் செய்த சீட்டுகளைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு மூலையின் ஈர அளவும் படம் போட்டு எழுதியிருக்கும். மூன்று வருடச் சீட்டு இருந்தால் எந்த மூலை ஏறிக்கொண்டு வருகிறது என்று நீங்களே படித்துவிடலாம். குளிர்காலத்தின் கடைசியில் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்தில் எல்லாக் கேரவனும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம். 1992 முதல் இங்கே செய்த கேரவன்களுக்கு கிரிஸ் என்ற பதிவு உண்டு. எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு குறிகள் உள்ள அந்த எண் ஜன்னலிலும் சேசிஸிலும் பொறித்திருக்கும்; இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, திருட்டு வண்டியா, கடன் பாக்கி உள்ளதா என்று கட்டணம் கட்டி விசாரித்துவிடுங்கள். இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற நடமாடும் கேரவன் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் ஓதம் பார்க்கச் சொல்லுங்கள். அவரைக் கூட்டிவருகிறேன் என்றதும் விற்பவர் முகம் மாறினால் அதுவே போதுமான பரிசோதனை. தனியாளிடம் வாங்கும்போது சட்டம் உங்களுக்கு அதிகம் துணை வராது. வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி முப்பது நாளுக்குள் குறையுள்ள வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் தனியாளும் பொய் சொல்லி விற்கக்கூடாது. "முன் மூலையைத் தவிர வேறெங்கும் ஓதமில்லை, சரிதானே?" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த வண்டியைப் பற்றி இன்னும் மனது அலைபாய்ந்தால், இரண்டு நாள் நல்ல மழை பெய்த பிறகு, வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாமல், அன்று காலைதான் போன் செய்து போங்கள். ஹீட்டர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே மீட்டர், அதே இடங்கள். அந்தப் பின் மூலை 18 என்ன காட்டியது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.